பென்சில்வேனியாவில் பதின்வயதுத் தன்னார்வத் தீயணைப்பு வீரராக: விண்ணப்பம் முதல் இ.எம்.ஆர். சான்றிதழ் வரை

பென்சில்வேனியாவில் 14 வயது நிரம்பினால் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஜூனியராகச் சேரலாம். 16 ஆனதும் எமர்ஜென்சி மெடிக்கல் ரெஸ்பாண்டர் (ஆம்புலன்ஸ் வரும்வரை அவசர மருத்துவ உதவி செய்பவர்), சுருக்கமாக இ.எம்.ஆர்., சான்றிதழும் வாங்கலாம். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள். இந்த மாநிலத்தின் சிற்றூர்களில் பெரும்பாலும் அவர்களை நம்பித்தான் மக்கள் தூங்குகிறார்கள். ஆள் பற்றாக்குறை எங்கும் உண்டு என்பதால், ஆர்வத்தோடு வரும் பிள்ளையை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் காகிதங்களில்தான். எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறோம். வேறு மாநிலத்தில் இருந்தால் வயது வரம்பும் விதிகளும் மாறும். ஆவணங்களைப் பற்றியும் உடல் தகுதியைப் பற்றியும் சொன்னவை ஓரளவு எங்கும் பொருந்தும்.

1. உங்கள் வயதில் எது அனுமதி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலத்தின் சிறார் தொழில் சட்டம் ஜூனியர்களை இரண்டு படிகளாகப் பிரிக்கிறது.

14, 15 வயதில் பயிற்சியில் கலந்துகொள்ளலாம், முதலுதவி செய்யலாம், வீரர்களுக்குத் தண்ணீர், உணவு கொடுக்கும் வேலையைப் பார்க்கலாம். தீ கட்டுக்குள் வந்துவிட்டது என்று பொறுப்பு அதிகாரி அறிவித்த பிறகு கட்டடத்துக்கு வெளியே துப்புரவு வேலை செய்யலாம். உயர் அழுத்தக் குழாயைப் பிடிப்பதும் ஏணியில் ஏறுவதும் பயிற்சியில் மட்டும்தான், சம்பவ இடத்தில் கூடாது.

16, 17 வயதில், அடிப்படைத் தீயணைப்புப் பயிற்சி முடித்திருந்தால், படைத் தலைவரான சீஃப் அல்லது அனுபவமுள்ள அதிகாரியின் நேரடிப் பார்வையில் வெளிப்புறத் தீயணைப்பு வேலையில் சேரலாம். குழாய் இழுக்கலாம், ஹைட்ரன்டில் (தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாயில்) இணைக்கலாம், கருவிகளைக் கொண்டுவந்து கொடுக்கலாம்.

18 ஆகும்வரை யாருக்கும் அனுமதி இல்லாதவை: எரியும் கட்டடத்துக்குள் நுழைவது, தீயணைப்பு வண்டியையோ ஆம்புலன்ஸையோ ஓட்டுவது, சம்பவ இடத்தில் பம்பை இயக்குவது, ஏரியல் ஏணியையும் (வண்டியில் பொருத்திய நீளும் ஏணி) ஹைட்ராலிக் ஜாக்கையும் இயக்குவது, அசெட்டிலின் வெட்டும் கருவியைத் தொடுவது, மின்கம்பி வெட்டும் கருவியையும் மின்காப்புக் கையுறையையும் பயன்படுத்துவது.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பரபரப்பான நேரத்தில் உங்களைத் தெரியாத பக்கத்து ஊர் வீரர் ஒருவர், 'தம்பி, அந்தப் பம்பைக் கொஞ்சம் பார்த்துக்கோ' என்ற தோரணையில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவார். 'நான் ஜூனியர்' என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். மீறினால் சீஃபுக்குச் சட்டச் சிக்கல் வரும், காயம் பட்டால் காப்பீட்டிலும் தகராறு வரும். அதற்குப் பிறகு அந்தத் தீயணைப்புப் படை ஜூனியர் திட்டத்தையே மூடிவிடவும் கூடும்.

2. கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது

இங்கே தீயணைப்புப் படைகளை 'ஃபயர் கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலானவை தனித்தனிச் சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த விதிகள் உண்டு. சட்டம் 14 என்றாலும், 16 ஆனால்தான் சேர்ப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு மிக அருகில் இருப்பதற்கே முதலிடம் கொடுங்கள். லைசென்ஸ் வாங்கும்வரை உங்களால் வண்டி ஓட்ட முடியாது, அழைப்பு வந்தால் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சேர வேண்டியிருக்கும்.

வாரத்தில் ஒரு மாலை 'ட்ரில் நைட்' என்ற பயிற்சி நடக்கும். அன்றைக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் வாரக்கணக்கில் கிடக்கும், ஏனென்றால் அதைப் பார்ப்பவரும் பகலில் வேறு வேலைக்குப் போகும் தன்னார்வலர்தான். போகும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள்:

- ஜூனியர் விதிகள் எழுத்தில் உண்டா? பள்ளி நாளுக்கு முந்தைய இரவில் எத்தனை மணிவரை அழைப்புக்கு வரலாம்?
- ஜூனியர்களுக்கென்று பொறுப்பான பெரியவர் யார்?
- அவரும் மற்ற பெரியவர்களும் சிறார் பாதுகாப்புச் சான்றுகள் வைத்திருக்கிறார்களா?
- காயம் பட்டால் ஊராட்சியின் வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் காப்பீட்டில் ஜூனியர்களின் பெயரும் சேருமா?

மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கு மாநிலக் காவல்துறைச் சான்றும், குழந்தை வன்கொடுமைப் பதிவுச் சான்றும் தேவை. கடந்த பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இந்த மாநிலத்தில் வசித்திராதவர்களுக்கு எஃப்.பி.ஐ. கைரேகைச் சான்றும் வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் கம்பெனி இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்காது. சுளித்தால் அடுத்த ஊரைப் பாருங்கள்.

3. ஆவணங்கள்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் ஆகும். விண்ணப்பம் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

வொர்க் பெர்மிட் (சிறாருக்கான வேலை அனுமதிச் சீட்டு): ஊதியமில்லாத வேலைதானே, இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஜூனியர்களைச் சேர்க்கும் கம்பெனிகள் இதைக் கேட்கும். நீங்கள் வசிக்கும் பள்ளி மாவட்டத்தின் அலுவலகம்தான் தரும். தனியார் பள்ளியில் படித்தாலும், வீட்டிலேயே படித்தாலும் அங்கேதான் போக வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பமும் வயதுச் சான்றும் வேண்டும். நீங்களும் கையெழுத்திட வேண்டும், நேரில் வர வேண்டுமா என்று அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். 16 வயதுக்குக் கீழே என்றால், என்ன வேலை, எந்த நேரம் என்று தெரிந்தே சம்மதிக்கிறோம் என்ற பெற்றோரின் கடிதமும் சேர வேண்டும். கோடை விடுமுறையில் அலுவலக நேரம் குறையும், மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

வயதுச் சான்று: இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் சில சமயம் குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் வைக்குமுன்பே பிறப்பைப் பதிந்திருப்பார்கள். அதைத் திருத்தக் காத்திருக்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

பெயர்: நம் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பள்ளிப் பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும், டாக்டர் அலுவலகத்தில் முன்பின் மாறியிருக்கும். விண்ணப்பத்தில் ஒன்று, பயிற்சிப் பதிவில் ஒன்று, தேர்வுப் பதிவில் ஒன்று என்று போனால், பின்னால் சான்றிதழ்கள் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். அரசு அடையாள அட்டையில் உள்ளதை எழுத்து பிசகாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பெற்றோர் சம்மதக் கடிதம்: கம்பெனி படிவமே வைத்திருக்கும். நோட்டரி முன்பு கையெழுத்துக் கேட்கிறார்களா என்று முன்பே விசாரியுங்கள்.

குடியேற்ற நிலை: எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளி மாவட்டம் தரும் வொர்க் பெர்மிட்டுக்கும் குடியேற்றத் துறையின் வேலை அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. ஊதியம் இல்லாத தொண்டு வேறு, அழைப்புக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஏற்பாடு வேறு. உங்கள் கம்பெனி ஏதாவது தொகை கொடுப்பதாகச் சொன்னால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்காதீர்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகும் உடனே உறுப்பினர் ஆகிவிட முடியாது. பல கம்பெனிகளில் விண்ணப்பத்தை மாதக் கூட்டத்தில் வாசித்து, உறுப்பினர்கள் வாக்கெடுத்துச் சேர்ப்பார்கள். கூட்டத்துக்கு மறுநாள் கொடுத்தால் ஒரு மாதம் வீண். கூட்ட நாளைக் கேட்டு அதற்கு ஒரு வாரம் முன்பே கையில் கொடுங்கள். அதன் பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ தகுதிகாண் காலம் இருக்கும்.

4. டாக்டர்

உடல் பரிசோதனைப் படிவத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கிய பிறகே டாக்டரிடம் போங்கள். பள்ளி விளையாட்டுப் படிவம் பெரும்பாலும் செல்லாது. ஆஸ்துமா, வலிப்பு, மயக்கம், இதயக் கோளாறு எதையும் மறைக்காதீர்கள். முழு உடையும் மூச்சுக் கருவியும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும், வெப்பமும் சேரும்போது மறைத்த நோய் அங்கேதான் வெளிப்படும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியம். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பள்ளியில் சேர்வதற்காக ஏற்கெனவே போட்டிருப்பீர்கள், பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை கேட்டால், இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்து பி.சி.ஜி. ஊசி போட்ட பிள்ளைகள் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நோய் இல்லாமலே தோல் தடித்து 'பாசிட்டிவ்' என்று வரலாம், பிறகு எக்ஸ்ரே, மாத்திரை என்று அலைச்சல். 'இக்ரா' வகை ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. ஊசி பாதிக்காது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

5. காத்திருக்கும் மாதத்தில் முடிக்க வேண்டியவை

ஃபெமா என்னும் மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பின் இணையப் பாடங்கள் ஐ.எஸ்-100, ஐ.எஸ்-700 இரண்டும் இலவசம். சம்பவ இடத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்ற ஒழுங்கைக் கற்றுத் தருபவை. முதலில் ஃபெமா மாணவர் எண் வாங்க வேண்டும். ஆளுக்கு ஒரே எண்தான், மறந்துபோய் இரண்டாவது எடுத்தால் பதிவுகள் சிதறும். ஒவ்வொன்றும் ஒரு மாலை வேலை. சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தவுடன் சேமித்து, ஒரு பிரதியைக் கம்பெனியின் பயிற்சி அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள்.

பி.எல்.எஸ். நிலை (மருத்துவப் பணியாளர்களுக்கான நிலை) சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சூட்டும் உயிர்காப்பு, வகுப்பையும் இப்போதே முடித்துவிடலாம். பொதுமக்களுக்கான சி.பி.ஆர். அட்டை இ.எம்.ஆர். வகுப்புக்குப் போதாது. முழுக்க இணையத்திலேயே முடித்து அட்டை தரும் தளங்களும் உண்டு, அவற்றை ஏற்கமாட்டார்கள். பொம்மையில் கைவைத்து அழுத்திக் காட்டிய அட்டைதான் செல்லும். அட்டை 2 ஆண்டு செல்லும். கம்பெனிக்குள்ளேயே பயிற்றுநர் இருந்தால் செலவு மிச்சம்.

6. கியர்

தீத்தடுப்பு உடையைக் கம்பெனிதான் தரும். புதிய உடை ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர் என்பதால் ஜூனியர்களுக்குப் பெரும்பாலும் பழையது கிடைக்கும். பழையது தவறில்லை, காலாவதியானதுதான் தவறு. கோட்டின் உள்பக்க லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. விதிப்படி 10 ஆண்டு தாண்டிய உடையைத் தீப்பணிக்குப் பயன்படுத்தக் கூடாது. தேதி தாண்டியிருந்தால் பணிவாக அதிகாரியிடம் காட்டுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சொந்தமாக வாங்க வேண்டாம்.

அளவைப் பார்க்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குந்தி உட்காருங்கள். இடுப்பும் மணிக்கட்டும் வெளியே தெரிந்தால் அளவு சிறியது. பூட்ஸ் பெரிதாக இருந்தால் ஏணியில் கால் நழுவும்.

உள்ளே பருத்தித் துணி மட்டும் போடுங்கள். பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். கழுத்துச் சங்கிலி, காதுத் தோடு, வளையல், கோயிலில் கட்டிவிட்ட கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வர வேண்டும். வீட்டில் பாட்டி வருத்தப்படுவார் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ட்ரில் நைட்டில் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

பயன்படுத்திய கியரை வீட்டுக்கோ காருக்கோ கொண்டுவராதீர்கள். புகைக்கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. நிலையத்திலேயே துவைத்து, அங்கேயே மாட்டிவைக்க வேண்டும்.

7. தீயணைப்புப் பயிற்சி

மாநிலத்தின் தொடக்கநிலைப் பயிற்சி நான்கு பகுதிகள் கொண்டது: தீயணைப்புச் சேவை அறிமுகம், களத் துணைப்பணி, வெளிப்புறத் தீயணைப்பு, உட்புறத் தீயணைப்பு. நான்கும் சேர்ந்து 150 மணி நேரத்துக்கு மேல் போகும். கம்யூனிட்டி காலேஜ்கள் வழியாக மாலைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் நடக்கும். பெரும்பாலும் வகுப்புக்கட்டணம் உங்கள் தலையில் விழாது, சீஃப் கையெழுத்திட்ட பதிவுப் படிவம் போதும். புத்தகத்துக்கு மட்டும் செலவாகலாம். பழைய புத்தகத்தை இரவல் வாங்குமுன் எத்தனையாவது பதிப்பு என்று பயிற்றுநரைக் கேளுங்கள். இணையப் பாடத்துக்கான குறியீடு பழைய புத்தகத்தில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும்.

நிஜத் தீயில் நடக்கும் உட்புறப் பகுதியை 17 வயதில், பெற்றோரும் சீஃபும் சம்மதித்தால், பயிற்சி மைதானத்தில் முடிக்க வழி உண்டு. முடித்தாலும் 18 வரை எரியும் வீட்டுக்குள் போக முடியாது.

வகுப்புக்குப் போவதற்கு முன்பே நிலையத்தில் பழகிக்கொள்ள வேண்டியவை இவை. முடிச்சுகளில் க்ளோவ் ஹிட்ச், போலைன், ஃபிகர் எய்ட் மூன்றும் கையுறை போட்டபடியே வரவேண்டும். வெறுங்கையில் அழகாகப் போடுகிறவர்கள் கையுறை போட்டதும் தடுமாறுகிறார்கள், தேர்விலோ கையுறையோடுதான் கேட்பார்கள். அடுத்து, ஒவ்வொரு வண்டியிலும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது. 'ஹாலிகன் (கதவை நெம்பித் திறக்கும் இரும்புக் கருவி) கொண்டுவா' என்றால் நேரே அந்தக் கதவைத் திறக்க வேண்டும், நான்கைந்து கதவுகளைத் திறந்து தேடக் கூடாது. பிறகு, ஒன்றே முக்கால் அங்குலத் தாக்குதல் குழாய்க்கும் 5 அங்குல நீர்வரத்துக் குழாய்க்கும் உள்ள வித்தியாசம், அவற்றை மடிக்கும் முறை, காற்றுச் சிலிண்டர் மாற்றுவது. சம்பவ இடத்தில் ஜூனியர்களிடம் அதிகம் கேட்கப்படும் உதவி இந்தச் சிலிண்டர் மாற்றம்தான். அதை நொடியில் செய்பவரைப் பெரியவர்கள் தேடிக் கூப்பிடுவார்கள்.

முகமூடி பொருத்தம் பார்க்கும் நாளில் முகத்தை மழித்துவிட்டு வாருங்கள். மீசை முளைக்கும் வயதில் அரும்பு தாடியே காற்றுக் கசியப் போதும்.

ஹாஜரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு வகுப்பைத் தவறவிட்டாலே ஈடுசெய்யச் சொல்வார்கள், அந்தப் பாடம் பக்கத்து மாவட்டத்தில் அடுத்த பருவத்தில்தான் இருக்கும். சேருமுன் பாட்டு அரங்கேற்றம், எஸ்.ஏ.டி. தேர்வு, இந்தியப் பயணம் எல்லாவற்றையும் நாள்காட்டியில் குறித்துவிட்டுத் தேதி பாருங்கள்.

8. இ.எம்.ஆர்.

பல கம்பெனிகளுக்கு வரும் அழைப்புகளில் தீயைவிட மருத்துவ உதவியும் விபத்தும்தான் அதிகம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தாத்தாவுக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை சரியாக உதவத் தெரிந்த 16 வயதுப் பிள்ளை உண்மையிலேயே ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும். ஆகையால் 16 ஆனவுடன் இதை எடுத்துவிடுவது நல்லது.

வகுப்பு 50, 60 மணி நேர அளவில் இருக்கும். இரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுப்பாதையைத் திறப்பது, ஆக்ஸிஜன், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி, போதைமருந்து மிகையை முறிக்கும் நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பு, நோயாளியைப் பரிசோதிக்கும் ஒழுங்கு ஆகியவை பாடம். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கம்பெனி கட்டுமா, நீங்கள் கட்டித் தேறியபின் திருப்பித் தருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்முறைத் தேர்வில் தோற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கையுறை போட்டுவிட்டேன், இடம் பாதுகாப்பானது என்று வாய்விட்டுச் சொல்லாமல் நோயாளியிடம் ஓடிவிடுவது. மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் அந்த ஒன்றுக்காகவே தோல்வி. மனதுக்குள் நினைத்தது தேர்வாளருக்குத் தெரியாது, செய்வதை எல்லாம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். சி.பி.ஆரில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு குறைந்தது 5 செ.மீ. ஆழம், தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையான டூர்னிக்கே கட்டினால் காயத்துக்கு மேலே 2, 3 அங்குலத்தில், மூட்டின் மேல் இல்லாமல் கட்டி, கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வை நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்னும் நாடு தழுவிய சான்றளிப்பு அமைப்பு நடத்துகிறது. கணினியில், பியர்சன் வியூ நிறுவனத்தின் தேர்வு மையத்தில், ஒன்றே முக்கால் மணி நேரம். கட்டணம் 100 டாலருக்குள். உங்கள் விடைகளைப் பொறுத்துக் கேள்விகள் மாறிக்கொண்டே வரும், விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் பதற வேண்டாம், நன்றாக எழுதுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். தேர்வு மையத்தில் படமும் கையெழுத்தும் உள்ள அரசு அடையாள அட்டை வேண்டும். படமில்லாத லேர்னர் பெர்மிட்டோடு போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பாஸ்போர்ட் அல்லது மாநில அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். தவறினால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம், கட்டணமும் மறுபடி. வகுப்பு முடிந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் எழுதுகிறவர்களுக்குப் பாடம் நினைவில் பச்சையாக இருக்கும்.

நேஷனல் ரெஜிஸ்ட்ரி சான்று 2 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 16 மணி நேரத் தொடர்கல்வி போதும். ஒவ்வொரு ட்ரில்லுக்கும் கிடைக்கும் சான்றை அன்றே சேர்த்துவையுங்கள்.

9. அழைப்பு வந்தபின்

வகுப்பறையிலிருந்து எழுந்து ஓடக் கூடாது, பள்ளி நேரத்தில் நீங்கள் மாணவர் மட்டுமே. நிலையத்தில் அதிகாரி சொன்ன இருக்கையில் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகர வேண்டும். சம்பவ இடத்தில் போன் எடுக்காதீர்கள். நோயாளியின் முகமோ வீட்டு எண்ணோ ஒரு படத்தில் விழுந்தால் உறுப்பினர் பதவியே போகும்.

16 வயதில் ஜூனியர் லைசென்ஸ் வைத்திருந்தால் இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டத் தடை உண்டு. தன்னார்வத் தீயணைப்புக்குப் போவோருக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் சீஃப் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வண்டியில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் வேகத்துக்கான அனுமதி ஆகாது: சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும், வேக வரம்புக்குள் போக வேண்டும்.

கடுமையான சாவையோ சிறு குழந்தையின் காயத்தையோ பார்க்க நேர்ந்தால், அன்றிரவே ஜூனியர் பொறுப்பாளரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். தூக்கம் வராமை, சாப்பாடு இறங்காமை சில நாள் இருப்பது இயல்பு. வாரங்கள் தாண்டினால் கம்பெனி வழியாக மனநல உதவி கேளுங்கள். நெருக்கடி என்றால் 988 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பெற்றோரே, 'இதெல்லாம் உனக்குத் தேவையா' என்று அந்த நேரத்தில் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது.

10. 18 ஆவதற்கு முன்

ஜூனியர் உறுப்பினர் பதவி பிறந்தநாளன்று தானாக மாறிவிடாது. பெரியவர் உறுப்பினராக மறுபடி விண்ணப்பம், மறுபடி வாக்கெடுப்பு. ஜூனியர்களோடு வேலை செய்வீர்கள் என்பதால் முன்னே சொன்ன பாதுகாப்புச் சான்றுகளை இனி நீங்களும் எடுக்க வேண்டும். காவல்துறைச் சான்றும் குழந்தை வன்கொடுமைப் பதிவுச் சான்றும் தன்னார்வலர்களுக்கு இலவசம், விண்ணப்பிக்கும்போது தன்னார்வலர் என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் பணம் கேட்கும். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கல்லூரிக்கு வேறு மாநிலம் போவதாக இருந்தால், நேஷனல் ரெஜிஸ்ட்ரி சான்று, பயிற்சிச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு, சீஃபின் கடிதம் நான்கையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஊர் நிலையத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.